கேளாது பறித்த பூக்கள்

உப்பளங்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, மழை பெய்து ஓய்ந்த பிறகும் மண் வெளுத்தே கிடக்கிற அந்தக் காலனியில் முப்பத்தாறு வீடுகளும் ஒரே ஒரு தோட்டமும் இருந்தன. அந்தத் தோட்டம் கடைசி வீட்டுச் சண்முகவடிவுடையதாக இருந்தபடியால், மற்ற முப்பத்தைந்து வீட்டுத் தெய்வங்களுக்கும் பூ அங்கிருந்துதான் போயிற்று. அவளைக் கேளாமலே போயிற்று.

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒருவரோடும் இணையாமல் ஓய்வு பெற்று வந்தவள் அவள். வந்த ஆண்டே வீட்டைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்கு உப்பு மண்ணை வெட்டி எறிந்து, தேரிக்காட்டுச் செம்மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நிரப்பி, ஆட்டுப்புழுக்கையும் மீன் கழிவும் கலந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் ஆறப்போட்டு, அதன் பிறகே முதல் குச்சியை ஊன்றினாள். அந்தக் குச்சி துளிர்த்த நாளிலிருந்து அவளுடைய நாள் அவளுடையதாக இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து, கடற்காற்று இலைகளில் பூசிவிட்டுப் போன உப்பை ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்பது நிமிடம் வருகிற குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். செம்பருத்தியின் கொழுந்துகளில் மாவுப்பூச்சி அடைந்திருந்தால் வேப்பெண்ணெய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு வேரடியில் மண்ணைக் கிளறிவிட வேண்டும். தென்காசியில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனவள், அன்று தண்ணீர் வருகிற நாள் என்பதால், தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் பேருந்து ஏறிவிட்டாள். தங்கை அதன்பின் அவளோடு பேசுவதில்லை. சண்முகவடிவு அதற்காக வருந்தியதில்லை. பேசுகிறவர்களைக் காட்டிலும் பூக்கிறவற்றோடு இருப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

அவள் ஒரு பூவைக்கூடப் பறிக்கமாட்டாள். காலனிக்கு அவள்மேல் இருந்த கோபத்துக்கு அதுவே வேர். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, பிச்சி என்று அத்தனையும் பூத்து, பூத்த இடத்திலேயே வாடி உதிர்வதைச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு, சாமிக்குச் சேர வேண்டியதை ஒருத்தி வேண்டுமென்றே மண்ணில் விடுகிறாள் என்று தோன்றியது. ஆகவே அவள் எழும் முன்னே அவர்கள் எழுந்தார்கள். பிளாஸ்டிக் பையும், நுனி வளைந்த கைத்தடியுமாக நடைப்பயிற்சிக்குக் கிளம்பி, சுவருக்கு மேலே கொப்பை வளைத்து, ஓசைப்படாமல் பறித்துக்கொண்டு நடந்தார்கள். கேட்டால் என்ன என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு விடை தயாராக இருந்தது: கேட்டு வாங்கிய பூவால் பூசை செய்தால் பலன் செடிக்காரிக்குப் போய்விடும், கேளாமல் எடுத்தால் பலன் முழுவதும் எடுத்தவருக்கே. இதைக் காலனிச் சங்கத்தின் செயலாளர் பிரமநாயகம் பெரிய சாஸ்திரம்போலச் சொல்லுவார். அடுத்த வீட்டுக்காரர் என்பதால் பறிப்பதிலும் அவரே முதல்வர். 'பூ வேண்டுவோர் கேட்டுப் பெறவும்' என்று சண்முகவடிவு தகரத்தில் எழுதி மாட்டிய பலகையில் அவர் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பறித்ததை அவளே இரண்டு முறை சன்னல் வழியே பார்த்திருக்கிறாள்.

ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, அன்றாடம் பறித்ததுபோலவே பறித்தார்கள். அன்றாடம் வைத்ததுபோலவே வைத்தார்கள். மறுநாள் காலையில் பிரமநாயகத்தின் மனைவி சொர்ணம், முதல் நாள் பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கலாம் என்று முருகன் படத்திலிருந்த செம்பருத்தியை இழுத்தபோது, ஆணியோடு படமும் கூடவே வந்தது. பூ வாடவில்லை. அதன் காம்பிலிருந்து கிளம்பிய வெள்ளை வேர்கள் கண்ணாடிக்கு உட்புறமாக இறங்கி, வேலைச் சுற்றி, மயிலின் கழுத்தைச் சுற்றி, சட்டத்தின் நான்கு மூலைகளையும் பிடித்திருந்தன. சொர்ணம் படத்தை மறுபடியும் மாட்டிவிட்டு, கணவரை எழுப்பி, முருகன் பூவை ஏற்றுக்கொண்டான் என்று சொன்னாள். அவர் எழுந்து பார்த்து, கும்பிட்டு, புகைப்படம் எடுத்து, காலனியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அரை மணி நேரத்துக்குள் பன்னிரண்டு வீடுகளிலிருந்து தங்கள் வீட்டிலும் அப்படியே என்று பதில் வந்தது. மதியத்துக்குள் முப்பத்தைந்து வீடுகளும் சொல்லிவிட்டன. பூ யார் வீட்டுப் பூ என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

முதல் வாரம் முழுவதும் காலனி பெருமையில் திளைத்தது. விநாயகர் தும்பிக்கையில் நந்தியாவட்டை புதராக மண்டியது. அம்மன் படத்துக்குப் பின்னால் சுவர் ஈரமாகி வேரோடியது. மூன்றாவது வீட்டு இந்திராணி டீச்சர், சாமிக்குப் போக மிஞ்சிய பிச்சியைச் சடையில் செருகியிருந்தவள், அது சடையில் வேர் பிடித்து இரண்டு முழக் கொடியாக இறங்கியதைக் கண்டு, ஒரு பக்கமாகவே படுத்துத் தூங்கப் பழகினாள். தலையில் தினமும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தோளில் துண்டோடு பள்ளிக்கூடம் போனாள். பள்ளிக்கூடத்திலும் பெரிதாகப் பேச்சில்லை. வாசனையில் பிள்ளைகள் தூங்கிவிடுவதால் அவள் மின்விசிறிக்கு அடியில் நின்று பாடம் நடத்த வேண்டாம் என்று தலைமையாசிரியை எழுதிக் கொடுத்ததோடு சரி. பதினோராம் வீட்டு லூர்தம்மாள், மீன் ஏலக்கூடத்தில் குரலாலேயே காரியம் சாதிக்கிறவள், மாதா சுரூபத்தின் காலடியில் வைத்த வெள்ளரளி மாதாவின் கால்விரல்களைச் சுற்றி வேர்விட்டதும் பங்குச் சாமியாரை அழைத்து வந்து காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரை அளவாக ஊற்றும்படி சொல்லிப் போனார்.

தண்ணீர்தான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று. வேர் பிடித்த பூக்கள் கிளை விட்டன. கிளைகள் வெயில் கேட்டன, உப்புப் படிந்தால் கருகின, மாவுப்பூச்சி கண்டன, இரண்டு நாள் பார்க்காவிட்டால் சாமி படத்தின்மேல் தலையைத் தொங்கப்போட்டு வீட்டையே கலவரப்படுத்தின. வாட விடுவது தெய்வக் குற்றம் என்று பயந்து, அவற்றை வேரறுப்பது அதைவிடப் பெரிய குற்றம் என்று பயந்து, காலனி முழுவதும் ஐந்து மணிக்கு எழுந்தது. ஈரத்துணியால் இலை துடைத்தது. குழாயடியில் குடத்தை வரிசை வைத்துச் சண்டை போட்டது. ஒருவர் மகளின் வளைகாப்புக்குப் போகவில்லை. ஒருவர் திருப்பதிக்கு எடுத்த ரயில் சீட்டை ரத்து செய்தார். செடி வளர்க்க விரும்பாத முப்பத்தைந்து குடும்பங்கள் செடிகளின் கால அட்டவணைக்குள் போய் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து வெளியேறத் தெரியாமல், மாட்டிவிட்டது யார் என்று யோசித்து, கடைசி வீட்டின் பக்கம் திரும்பின.

சண்முகவடிவு இவ்வளவையும் தோட்டத்தின் வழியாகவே அறிந்தாள். அந்த முதல் வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அவள் செம்பருத்தியில் ஐந்து கொப்புகள் காய்ந்திருந்தன. வெட்டிப் பார்த்தாள், பூச்சியில்லை, அழுகல் இல்லை, உள்ளே பச்சையும் இல்லை. எந்தெந்தக் காம்பிலிருந்து பூ போயிற்றோ அந்தந்தக் கொப்பு இறந்திருந்தது. வேர் விட்ட திருட்டுப் பூக்கள், தாய்ச்செடியிலிருந்தே உயிரை இழுத்துக்கொண்டிருந்தன. அவர்களோ புதிதாக வேர் பிடிக்கும் என்ற ஆசையில் முதலில் பறித்தார்கள், பிறகு பழக்கத்தில் பறித்தார்கள். ஆடி முடிவதற்குள் தோட்டத்தில் பாதி குச்சியாக நின்றது.

அவள் நேரே பிரமநாயகத்தின் வீட்டுக்குப் போனாள். பதினோரு ஆண்டுகளில் அந்தப் படியேறுவது அதுவே முதல் முறை. செம்பருத்தி அங்கே பூசை அலமாரியை நிறைத்து, சன்னல் கம்பி வழியாக ஒரு கையை வெளியே நீட்டியிருந்தது. அவள் செடியில் பூத்ததைக் காட்டிலும் பெரிதாகப் பூத்திருந்தது. அவள் இலையைப் புரட்டிப் பார்த்து, அடியில் பூச்சி இருக்கிறது என்றாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, என் தோட்டம் சாகுது. எனக்கு நீங்க எதையும் திருப்பித் தர வேண்டாம். எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

பிரமநாயகம் சிரித்தார். "சாமிக்குப் பறிச்சதை எடுத்ததுன்னு சொல்லலாமா? வாய் அழுகிப் போவும், தாயீ. உங்க செடிக்கு ஒரு புண்ணியம் கெடச்சிருக்கேன்னு சந்தோசப்படுங்க."

"புண்ணியம் எடுத்தவருக்குன்னுதான் இத்தனை நாள் சொன்னீங்க."

அவர் பூவாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். சொர்ணம் மட்டும் வாசல்வரை வந்து, மைனி மனசு நொந்து ஏதாவது சாபம் விட்டிருந்தால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று தணிந்த குரலில் கேட்டாள். தான் பலகைதான் எழுதினேன், சாபம் எழுதவில்லை என்று சண்முகவடிவு சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களே வந்தார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்தில் சோழி போட்டுப் பிரசன்னம் பார்க்கிற ஒருவரிடம் சங்கத்தின் சார்பில் போய்க் கேட்டதில், செடிக்காரியின் வாயால் 'கொடுத்தேன்' என்று வந்துவிட்டால் வேர்கள் தாமே தளரும் என்று அவர் சொன்னாராம். இருபது பேர் அவளுடைய பாதி காய்ந்த தோட்டத்துக்குள் செருப்போடு நின்றார்கள். இந்திராணி டீச்சர் கழுத்தைச் சாய்த்துப் பிடித்தபடி, தலைப் பாரத்தில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றும், ஒரே ஒரு சொல்தானே என்றும் மன்றாடினாள். ஒரே ஒரு சொல்தான் நானும் கேட்டேன் என்று சண்முகவடிவு நினைத்தாள், நினைத்ததைச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை, கொடுக்காததைக் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வராது, எடுத்தோம் என்று நீங்கள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நான் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்றாள். பள்ளிக்கூடத்தில் பிழை திருத்துகிறவளைப்போல அவள் அதைச் சொன்ன விதம்தான் அவர்களை அதிகம் எரித்தது.

"திமிரு," என்றாள் லூர்தம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "ஒத்தையில கெடந்தும் இந்தத் திமிரு. நாலு பூவுக்கு எங்க வாயால கள்ளின்னு சொல்லணுமாம்லா."

மறுநாள் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். காலனியில் தெய்வம் குடிகொண்ட செடிகள் முந்நூறுக்கு மேல் இருப்பதாலும், மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் அவற்றுக்கே போதாமையாலும், முப்பத்தாறாம் வீட்டுக்குக் குடிக்க நாளுக்கு இரண்டு குடம் மட்டும் தருவது என்றும், குழாயை அடைத்துவிடுவது என்றும் முடிவாயிற்று. ஒருவரும் எதிர்க்கவில்லை. பிரமநாயகம் தாமே வந்து, தம் கைத்தடியின் வளைந்த நுனியால் வால்வைத் திருகி மூடினார்.

சண்முகவடிவு அந்த இரண்டு குடத்தில் ஒன்றைச் செடிகளுக்கு ஊற்றினாள். அரிசி களைந்த நீரை ஊற்றினாள், பாத்திரம் கழுவிய நீரை ஊற்றினாள், ஒருநாள் விட்டு ஒருநாள் குளித்து அந்த நீரையும் ஊற்றினாள். இரவெல்லாம் காற்று உப்பைக் கொண்டுவந்து கொட்டிற்று; துடைக்கத் துணியை நனைப்பதா வேரை நனைப்பதா என்று அவள் ஒவ்வொரு காலையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்பதை அவள் மறக்கவில்லை. சொல்லிப் பார்க்கலாமா என்று கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் ஒருமுறை நின்றாள். முதல் எழுத்துக்கே நாக்குத் திரும்பவில்லை. அவர்களுக்குப் பணிந்து ஒரு பொய் சொல்லி அதில் தழைக்கிற செடிக்குத் தன்னால் முகம் காட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. புரட்டாசி பிறந்தபோது பிச்சி போயிற்று, பிறகு நந்தியாவட்டை, பிறகு அரளி; கடைசியாகச் செம்பருத்தியின் அடித்தண்டில் நகத்தால் கீறிப் பார்த்தாள், பழுப்பாக இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு மிகவும் நீளமாக இருந்தன. ஐந்து மணிக்கு உடம்பு எழுந்தது. எழுந்த உடம்பு ஈரத்துணியைத் தேடியது. எந்நேரமும் மண் ஒட்டியிருந்த நகங்கள் வெளுத்தன. தண்ணீர் வருகிற நாளும் வராத நாளும் ஒன்றாயின. எப்போது சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்று சொல்ல ஒன்றுமில்லாத வீட்டில், அவள் நாற்காலியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலை, என்ன செய்கிறோம் என்று முழுவதும் தெரிந்தே, அவள் வாசலைத் திறந்து இறங்கி நடந்தாள். பிரமநாயகத்தின் சன்னலுக்கு வெளியே செம்பருத்தி ஒரு பந்தலளவு வளர்ந்திருந்தது. உள்ளே அவர் குளிக்கும் சத்தம் கேட்டது. கொப்பை வளைக்கத் தேவையில்லாமலே எட்டிற்று. ஒரு பூவைப் பறித்து, முந்தானையில் மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் டம்ளரில் போட்டாள். சாமிக்காக அல்ல, தனக்காக. தன் மண், தன் நீர், தன் பதினோரு ஆண்டு. தன்னுடையதைத் தான் எடுத்தால் அது சாயங்காலம் சாதாரணமாக வாடிவிடும், வாடுகிறவரையில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

மதியம் அவள் டம்ளரை நகர்த்தப் பார்த்தாள், நகரவில்லை. டம்ளரின் அடிப்பாகத்தைத் துளைத்து வேர்கள் மேசைப் பலகைக்குள் இறங்கியிருந்தன. பூ நிமிர்ந்து நின்றது. அதற்குக் கீழே இரண்டு சிறிய இலைகள் விரிந்திருந்தன.

சண்முகவடிவு வெகுநேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அது அவருடையது. அவர் தண்ணீர் ஊற்றினார், அவர் இலை துடைத்தார், அவருடைய வீட்டில் அது வளர்ந்தது. எந்த நியாயம் இதை நடத்துகிறதோ அந்த நியாயம் அவளுக்கென்று தனியாக வளையவில்லை. ஆத்திரம் மூண்டு அடங்கியபோது, இன்னொன்றும் புலப்பட்டது: இது உயிருள்ள செடி. வாயை மூடிக்கொண்டிருந்தால் இது கிளைக்கும், நாளைக் காலை ஐந்து மணிக்கு இதன் இலையைத் துடைக்கலாம், முப்பத்தைந்து வீடுகளும் செய்கிற அதே காரியத்தைச் செய்துகொண்டு அவளும் ஒரு தோட்டம் வைத்துக்கொள்ளலாம். அவள் எழுந்து போய், தனக்கு வந்த குடத்திலிருந்து ஒரு கை நீர் அள்ளி அதன் வேரில் விட்டாள்.

நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பிரமநாயகம் தம் பூக்களை அன்றாடம் எண்ணுகிறவர். பூ போன கொப்பு காய்ந்திருப்பதையும் கண்டுவிட்டார். வாசலில் கும்பல் நின்றது, சொர்ணம் மட்டும் தன் வீட்டுச் சன்னலருகே நின்றாள். அவர் உள்ளே வந்து, மேசையைப் பார்த்து, மேசையடியில் தொங்கிய வேரைப் பார்த்து, வெளியே நின்றவர்களையும் வந்து பார்க்கச் சொன்னார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, முருகன் பூவை ஏற்றுக்கொண்ட அன்றுகூட இருந்ததில்லை.

"எல்லாருக்கும் பலகை எழுதிப் போட்ட அம்மா," என்றார். "இப்பச் சொல்லுங்க தாயீ. இது எப்படி இங்க வந்தது? தானா நடந்து வந்ததா?"

"இல்லை அண்ணாச்சி. நான் எடுத்தேன். உங்க வீட்டுச் செடியில, உங்களைக் கேக்காம எடுத்தேன்."

சொல்லி முடித்ததும் செம்பருத்தி சாய்ந்தது. வேர்கள் நனைந்த நூலைப்போலத் தொய்ந்து பலகையை விட்டன, டம்ளர் உருண்டது, பூ தரையில் விழுந்து, அந்த நேரத்துச் செம்பருத்தி எப்படிச் சுருளுமோ அப்படிச் சுருண்டது. அதே சமயம் பக்கத்து வீட்டிலிருந்து சொர்ணத்தின் குரல், காய்ந்த கொப்பு தளிர்த்துவிட்டது என்று இரண்டு முறை சொல்லிற்று. அறைக்குள் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கேட்டதன் பொருள் அத்தனை பேருக்கும் விளங்கியது. இந்திராணி டீச்சர் தன் சடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், அடுப்பில் பால் வைத்திருப்பதாகவும், யாரோ வருவதாகச் சொல்லியிருப்பதாகவும் முணுமுணுத்தபடி வெளியேறினார்கள். டீச்சர் படியில் கொஞ்சம் நின்றாள். பிறகு அவளும் போனாள்.

லூர்தம்மாள் மட்டும் போகவில்லை. இடுப்பில் கைவைத்து, கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் எடுத்தேன். இப்ப அதுக்கு என்ன?"

"எதை எடுத்தே?"

"அரளியைத்தான். வெள்ளரளி. மாதாவுக்கு."

"எத்தனை?"

"நாலு இருக்கும்."

"ஏழு."

லூர்தம்மாள் அவளை முறைத்தாள். "எண்ணியாக்கும் வெச்சிருக்கே. சரி, ஏழு. ஏழையும் உன்னைக் கேக்காம எடுத்தேன். போதுமா? இதுக்குன்னு உங்கிட்ட வந்து நான் சிரிச்சுப் பேச மாட்டேன், பாத்துக்க."

"வேண்டாம்," என்றாள் சண்முகவடிவு.

தோட்டத்தில், காய்ந்து நின்ற அரளியின் ஏழு குச்சிகளில் பச்சை ஏறியது. இருவரும் சன்னல் வழியாக அதைப் பார்த்தார்கள். லூர்தம்மாள் இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து சுவர்மேல் ஓசையெழ வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வேறு யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை, சண்முகவடிவு அரளியின் ஏழு கொப்புகளையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. செம்பருத்தி பெருத்துவிட்டதால் பூசை அலமாரி நெரிந்து, சன்னல் சட்டம் வளைந்து, பிரமநாயகம் சுவரை இடித்து அதற்கு இடம் விடக் கொத்தனாரை வரவழைத்திருந்தார். சொர்ணம் அழுதபடியே ஏதோ சொல்ல, அவர் அதட்டுவது கேட்டது; 'எடுத்தேன்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தம் வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று அதட்டினார். மாலைக்குள் முன்சுவர் முழுவதும் இடிந்து இறங்கியது. சுவர் இருந்த இடத்தில், முருகனையும் மயிலையும் மறைத்துக்கொண்டு, தெருவில் போகிற எவரும் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், அந்தச் செம்பருத்தி நூறு பூக்களோடு நின்றது.